லேப்டாப் பேரை மாத்தினீங்க... ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாத்தினீங்களா?

சமயநல்லூரில் வீட்டில் இருந்தபடியே சென்னை கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறான் என் சித்தப்பா மகன். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போன். "அண்ணே, லேப்டாப் செத்துருச்சு. சூடோ போட்டா அப்படியே நிக்குது. ஃபார்மட் பண்ணிரவா?"

சாகவெல்லாம் இல்லை. காலையில்தான் அந்த உபுண்டு லேப்டாப்புக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறான். பெயரை ஒரு இடத்தில் மாற்றிவிட்டு, இன்னொரு இடத்தில் விட்டுவிட்டான்.

1996-ல் மெட்ராஸ் சென்னை ஆனது. சென்ட்ரல் ஸ்டேஷனின் ரயில்வே கோடு மட்டும் இன்னும் 'எம்.ஏ.எஸ்'தான். நமக்கு இரண்டும் ஒன்று என்று தெரியும். லினக்ஸுக்குத் தெரியாது.

'ஈ.டி.சி' ஃபோல்டரில் இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. 'ஹோஸ்ட்நேம்' ஃபைலில் மெஷினின் பெயர் மட்டும் இருக்கும். எந்தப் பெயருக்கு எந்த ஐ.பி. முகவரி என்பது 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலில். பெயர் மாற்ற நாம் அடிக்கிற 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கமாண்ட் முதல் ஃபைலைத்தான் மாற்றும், இரண்டாவதைத் தொடாது. சூடோ புதுப் பெயரை ஹோஸ்ட்ஸில் தேடும், கிடைக்காவிட்டால் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கும். நெட் மந்தமாக இருந்தால் பதிலுக்காக நிற்கும். பிறகு 'ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரு வரி வரும். அந்த வரியை நம்ம ஆட்கள் படிப்பதே இல்லை, நேரே வைஃபையைத் திட்டுவார்கள்.

டெபியன், உபுண்டு என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். டொமைனோடு சேர்ந்த முழுப் பெயர் முதலில், சின்னப் பெயர் அடுத்து. வரிசை மாறினால் முழுப் பெயர் கேட்கும் புரோகிராம்களுக்கு அரைப் பெயர்தான் கிடைக்கும். கிளவுட் மெஷினில் ரீபூட்டுக்குப் பிறகு பழைய பெயரே திரும்பி வந்தால், 'கிளவுட்-இனிட்' செட்டிங்கைப் பாருங்கள்.

பேருக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். இரண்டு பெயர்களுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு எண். சுமார் 6 மணி நேர டேட்டா திரும்பக் கிடைக்கவில்லை. கமாண்ட் அடிக்கும் வரியில் எந்த மெஷின் என்று பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது, அதன்பின் அவர்கள் போட்ட வேலைப் பட்டியலில் ஒன்று. ஒரே இமேஜைக் காப்பி பண்ணி பத்து மெஷினுக்கும் ஒரே பெயரை விட்டுவைக்கும் ஆபீஸ்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

டொமைன் பெயரும் அப்படித்தான். உங்களுக்குச் சொந்தமில்லாத பெயரைப் போடாதீர்கள். '.லோக்கல்' வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டது. ஆபீஸ் உள் நெட்வொர்க்குக்கு என்றே 2024-ல் '.இன்டர்னல்' என்பதை ஐகான் ஒதுக்கிவிட்டது.

தம்பியின் பிரச்னை ஒரு வரியில் தீர்ந்தது. அடுத்த கேள்வி: "அண்ணே, பேரைத் தமிழ்ல வைக்கலாமா?" ஹோஸ்ட்நேமில் ஆங்கில எழுத்து, எண், ஹைபன்தான். ஆனால் அதே கமாண்டில் 'ப்ரிட்டி' என்று ஒரு வசதி உண்டு, அதில் தமிழ் ஏறும். இப்போது அவன் லேப்டாப்பின் அலங்காரப் பெயர் 'சமயநல்லூர் சிங்கம்'.