ஜாக்கி தூக்கும்... தாங்காது!

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது, சாலையில் சில பெரிய கற்கள் தனியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாமே மலையிலிருந்து உருண்டவை அல்ல. பஞ்சரான லாரிக்கோ ஜீப்புக்கோ டயர் மாற்றும்போது, வண்டி நழுவாமலிருக்க இன்னொரு சக்கரத்துக்கு வைத்த கற்களும் அதில் உண்டு. வேலை முடிந்ததும் அதை எடுத்துப் போடாமல் போவது பெரிய தப்பு. இரவில் பைக்கில் வருகிறவருக்கு அதுதான் எமன். ஆனால், அந்த டிரைவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. மலையில் வண்டியைத் தூக்குவதற்கு முன்னால், அதை நகராமல் நிற்க வைக்க வேண்டும்.

வீட்டு ஷெட்டில் நம்மில் பலர் மறப்பது இதைத்தான்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். வத்தலக்குண்டு சுமார் 1,000 அடி. ஒவ்வொரு முறை கீழே போய் வரும்போதும் 6,000 அடி இறக்கத்தை பிரேக்தான் தாங்க வேண்டும். போதாததற்கு மழை, பனி, மண் பாதை. அடிப்பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒர்க் ஷாப் போவது கட்டுப்படியாகாது. வீட்டுப் பிள்ளைகளே ஆயில் மாற்றுகிறார்கள், பிரேக் பார்க்கிறார்கள். போனைத் திறந்தால் ‘வீட்டுக்கான கார் லிஃப்ட்’ என்று விளம்பரம் வேறு வருகிறது.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் முதலில் தரையைப் பாருங்கள், அடுத்து பூட்டைப் பாருங்கள், விலையைக் கடைசியில் கேளுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதலில் தரை

ஷெட் தரையில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். ஓடினால் தரை சாய்வு. கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் இன்னும் நல்லது. மலை வீடுகளில் தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையைச் சாய்வாகவே போடுவார்கள். 10 அடிக்கு 1 அடி சாய்வு இருந்தால், 1,000 கிலோ எடையுள்ள காரை ஏறத்தாழ 100 கிலோ விசை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அங்கே எந்த லிஃப்டும் வேண்டாம், ஜாக்கிகூட வேண்டாம்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சரிவின் ஒரு பாதியை வெட்டி, அந்த மண்ணை மறுபாதியில் நிரப்பித்தான் பல ஷெட்டுகளுக்கு இடம் எடுக்கிறார்கள். வெட்டிய பக்கம் கெட்டியாக இருக்கும். நிரப்பிய பக்கம் இரண்டு ஐப்பசி மழையில் கொஞ்சம் இறங்கும். மேலே போட்ட சிமென்ட் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே பொக்கையாக இருக்கலாம். தரையில் நீளமான விரிசல் இருந்தால், இன்ஜினீயர் ஒருவரிடம் காட்டாமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

எந்த லிஃப்ட்?

ஒர்க் ஷாப்களில் பார்க்கும் இரண்டு தூண் லிஃப்டுக்கு முழுப் பலமும் தரைதான். காரின் மொத்த எடையும் இரண்டு தூண்களின் அடியில், சில போல்ட்டுகளின் பிடியில் நிற்கிறது. நல்ல கம்பி கட்டிய கனமான கான்கிரீட் இல்லையென்றால் அதை மறந்துவிடுங்கள். விலையும் 1 லட்ச ரூபாயைத் தாண்டும். அஸ்திவாரமும் வயரிங்கும் தனிச் செலவு. பல மாடல்களுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும்.

நான்கு தூண் லிஃப்டில் கார் தன் சக்கரங்களிலேயே நிற்கும். எடையும் நான்கு மூலைக்குப் பிரியும். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். கத்தரி மாதிரி மடங்கி விரியும் ‘சிசர்’ லிஃப்டில், இடுப்பளவு மட்டும் தூக்கும் வகை உண்டு. கூரை தாழ்வான வீட்டு ஷெட்டுக்கு அது ஒத்துவரும். கூரைக் கணக்கு எளிது. காரின் உயரம் 6 அடி, அதன் கீழே ஆள் நிற்க 6 அடி. குறைந்தது 12 அடி வேண்டும். அதற்காகக் கூரையை உயர்த்துவதாக இருந்தால், மலைப்பகுதிக் கட்டட விதிகள் கடுமையானவை. உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

காருக்குக் கீழே குழி வெட்டுவது மலிவுதான். ஆனால் பெட்ரோல் ஆவியும் கேஸும் காற்றைவிடக் கனமானவை. குழிக்குள் போய்த் தங்கும். ஒரு பொறி போதும்.

அடுத்து பூட்டு

எந்த லிஃப்டாக இருந்தாலும், தூக்கிய பிறகு காரின் எடை ஆயிலில் நிற்கக் கூடாது. இரும்புப் பூட்டில் உட்கார வேண்டும். விற்பவரிடம் “தூக்கி, லாக்கில் உட்கார வைத்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். “கரன்ட் போனால் எப்படி இறக்குவது?” என்றும் கேளுங்கள். பழைய லிஃப்ட் என்றால் கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும், சிலிண்டரில் ஆயில் கசிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பனியில் வடம் துருப்பிடிக்கும் ஊர் இது.

லிஃப்டே வேண்டாம் என்றால்?

வருடத்துக்கு நாலு முறை காருக்குக் கீழே போகிற வீட்டுக்கு லிஃப்ட் அவசியமில்லை. 3 டன் டிராலி ஜாக்கி ஒன்று, ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, சக்கரத்துக்கு வைக்க இரண்டு ஆப்புக் கட்டைகள். எல்லாம் சேர்த்து பெரும்பாலும் 10,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சமதளம் மட்டும் வேண்டும்.

ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஜாக்கிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் சீல் ஒன்று போனால் கார் இறங்கிவிடும். கூப்பிடக்கூட நேரம் இருக்காது. ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல், ஹாலோ பிளாக் வைப்பதும் ஆபத்து; அவை நெளியாது, சட்டென்று நொறுங்கும்.

ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பொலேரோ மாதிரி பின்சக்கரத்தில் ஓடும் வண்டிகளில் கியரும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தை முழுதாகத் தூக்கிவிட்டால், முன்சக்கரங்களைப் பிடிக்க எதுவுமே இல்லை. தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது அதனால்தான்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெயிட் நிறுவனம் 2020-ல் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜாக் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல் சரியாகப் பிடிக்காமல் நழுவலாம் என்பதே காரணம். பதிலுக்குக் கொடுத்தவற்றில் சிலவற்றிலும் வெல்டிங் கோளாறு வந்தது. அதனால் குறுக்கே பின் செருகும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். காரை ஸ்டாண்டில் இறக்கியதும் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால், நீங்கள் வெளியே இருக்கும்போதே ஆடட்டும். கழற்றிய டயரை காரின் அடியில் படுக்கப் போடுங்கள்; காசில்லாத காப்பீடு அது.

கடைசியாக, காருக்குக் கீழே போகும்முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். குழந்தைகள் ஷெட்டுக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் யாரும் இல்லையென்றால், ஆயில் ஒரு நாள் காத்திருக்கும். தப்பே இல்லை.