முறுக்கை அவிழ்க்காதீர்கள்

எங்கள் தெருவில் இந்த வாரம் செம்புக் கம்பி டெலிபோன் இணைப்புகளைக் கழற்றிவிட்டு ஃபைபர் போடுகிறார்கள். வேகம் கூடும்; வரட்டும். ஆனால் வேலைக்கு வந்த இளைஞர் பழைய வயரைச் சுருட்டிக்கொண்டே, "காப்பர்னாலே இப்படித்தான் சார், ரேடியோ எல்லாம் உள்ள பூந்துரும்" என்றார். அது வாரம் முழுக்க உறுத்துகிறது.

தப்பு செம்பின் மேல் இல்லை. டயல்-அப் காலத்தில் அம்பத்தூரில் குடியிருந்தேன். பக்கத்து ஆவடியிலிருந்து சென்னை வானொலி, 720 கிலோஹெர்ட்ஸில், 200 கிலோவாட் வலுவோடு ஒலிபரப்பாகும். ரிசீவரை எடுத்தால் டயல் டோனுக்குப் பின்னால் செய்தி கேட்கும். மோடம் கீச்சிட்டு இணைந்தாலும் வேகம் மளமளவென்று இறங்கும், கடைசியில் லைன் அறுந்துவிடும். டெலிபோனில் குரலுக்கென்று இருப்பது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான இடம். மோடமும் அதற்குள்தான் பேசியாக வேண்டும். செய்தி வாசிப்பவரும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

புகார் கொடுத்ததும் வயதான லைன்மேன் ஒருவர் வந்தார். மோடத்தைத் தொடவே இல்லை. சுவரோரப் பெட்டியைத் திறந்தார். கம்பி முனையில் பச்சைக் களிம்பு. களிம்பேறிய இணைப்பு டயோடைப் போல வேலை செய்து, ரேடியோ அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுத்துவிடும். அதை நறுக்கிவிட்டுப் புது முனை சீவினார். பிறகு பெட்டியிலிருந்து மேஜை வரை ஓடிய தட்டை வயரைப் பார்த்தார். "இதை யார் போட்டது? முறுக்கே இல்லையே தம்பி!" உருவி எறிந்துவிட்டு, முறுக்கிய ஜோடிக் கம்பியை இழுத்து, திருகாணி வரைக்கும் முறுக்குக் குலையாமல் கொண்டுபோய் முடுக்கினார். செய்தி நின்றது.

தட்டை வயர் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. கிரகாம் பெல் 1881-லேயே இரண்டு கம்பிகளை முறுக்கிப் போடுவதற்குக் காப்புரிமை வாங்கினார். முறுக்கினால் வெளியிலிருந்து வரும் அலை இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். கருவி பார்ப்பது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும்தான். ஆகவே சத்தம் தானாகக் கழிந்துபோகும். இவ்வளவு எளிமையான, அழகான ஏற்பாட்டை, கடையில் மலிவாகக் கிடைத்த பத்து மீட்டர் தட்டை வயர் பாழாக்கிவிடும். பின்னால் வந்த ஏடிஎஸ்எல் பிராட்பேண்ட் 1104 கிலோஹெர்ட்ஸ் வரை போனதால், மத்திய அலை நிலையங்கள் பலவும் அதன் பாதையிலேயே நின்றன. அப்போதும் பலர் மோடத்தைத்தான் மாற்றினார்கள்.

ஃபைபர் வந்தாலும் ரூட்டரிலிருந்து கணினிக்குப் போவது பெரும்பாலும் செம்புதான். அந்த ஈதர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிகள். ஒன்றின் சமிக்ஞை இன்னொன்றில் கலக்காதிருக்க ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முறுக்கு. பிளக் மாட்டும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. உங்கள் வீட்டுக்கு வருபவர் விரல் நீளத்துக்குப் பிரித்தால், தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.