புயல் சேதமும் கடவுள் சித்தமும்

கடற்கரையில் ஒரு பெரும்புயல் அடித்து ஓய்ந்தவுடன் இரண்டு விதமான பேச்சுகள் கிளம்புவது உலக வழக்கமாயிருக்கிறது. எத்தனை பேர் செத்தார்கள், யார் உயிரோடிருக்கிறார்கள், எந்த வீடு நிற்கிறது, எந்தப் பாலம் போய்விட்டது, குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஜனங்கள் ஒருவரையொருவர் விசாரித்துச் சொல்லிக்கொள்ளுவது ஒருவிதப் பேச்சு. எல்லாம் பகவான் சித்தம், ஊரிலே பாவம் பெருகிப் போயிற்று, அதனால் வந்த வினை என்று புரோகிதனும் பாதிரியும் முல்லாவும் சொல்லுவது மற்றொருவிதப் பேச்சு. முதற் பேச்சினால் பிழைத்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இரண்டாவது பேச்சினால் பிழைத்தவன் ஒருவனையாவது இதுவரையில் எவரும் நமக்குக் காட்டவில்லை.

இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல், நடந்த ஒரு விஷயத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில், மெக்சிகோ வளைகுடாவின் ஓரத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம் இருக்கிறது. 1900-ஆம் ஆண்டில் அங்கே சுமார் 37,000 பேர் வசித்தார்கள். பெரிய துறைமுகம், பணக்கார ஊர், கோவில்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஊரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திற்கு 9 அடிக்கு உட்பட்டுத்தான் இருந்தது. அதே கரையில் இந்தியானோலா என்ற மற்றொரு துறைமுகம் 1875-லும் 1886-லும் இரண்டு புயல்களால் அழிந்து, ஜனங்களால் கைவிடப்பட்டது. இதைப் பார்த்தும் கால்வெஸ்டன்காரர்கள் கடலுக்கு ஒரு சுவர் போடாமல் இருந்துவிட்டார்கள். அவ்வூர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் என்பவர், பெரும்புயல் இவ்வூரை அழிக்கும் என்று அஞ்சுவது வீண் பிரமை என்ற பொருள்பட 1891-ல் பத்திரிகையில் எழுதினார். அவர் பஞ்சாங்கக்காரர் அல்ல, படித்த விஞ்ஞானிதான். விஞ்ஞானியும் தவறு செய்வான். ஆனால் அவன் தவறு கணக்கிலே அகப்பட்டுவிடும். அடுத்தவன் அதைத் திருத்திவிடுவான். புரோகிதன் தவறு எந்தக் கணக்கிலும் அகப்படுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1900 செப்டம்பர் 8-ந் தேதி சனிக்கிழமை புயல் வந்தது. கடல் 15 அடிக்கு மேல் எழும்பி ஊர் முழுவதையும் மூடிற்று. 3,600 வீடுகள் வரையில் தரைமட்டமாயின. செத்தவர்கள் 6,000 பேருக்குக் குறையாது. 8,000 என்று மதிப்பிடுகிறவர்களே அதிகம். கிளைனுடைய மனைவியும் அந்த இரவில் மாண்டார்.

இந்தப் புயல் வருவது யாருக்கும் தெரியாதா? தெரியும். கியூபாத் தீவில் ஹவானா நகரத்துப் பெலென் கல்லூரி வானாராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர்கள், அந்தப் புயல் மேற்கே டெக்ஸாஸ் பக்கம் போகுமென்று கணித்தார்கள். அமெரிக்க வானிலை இலாகாவோ அது வடக்கே திரும்பிப் புளோரிடா பக்கம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது கியூபா அமெரிக்கப் பட்டாளத்தின் ஆட்சியில் இருந்தது. கியூபாக்காரர்கள் சும்மா பீதி கிளப்புகிறவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்கிற எண்ணத்தில், அவர்களுடைய வானிலைத் தந்திகள் போகாதபடி ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னே தடை போட்டுவிட்டார்கள்.

வாசகர்கள் இவ்விடத்தில் சிறிது நின்று யோசிக்க வேண்டுகிறோம். "அவன் சொல்லி நான் கேட்பதா?" என்ற ஒரே ஆணவம் சேதியை வழியில் மறித்தது. நம் நாட்டில் இதற்குப் பெயர் ஜாதி. சொன்னது சரியா தப்பா என்று பாராமல் சொன்னவன் யார் என்று பார்க்கிற புத்தி எங்கே இருக்கிறதோ, அங்கே புயலுக்கு வேலை பாதி குறைந்துவிடுகிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பெலென் கூடத்தில் இருந்தவர்கள் சேசு சபைப் பாதிரிமார்கள். "பார்த்தீர்களா, பாதிரி சொன்னதுதானே பலித்தது!" என்று யாராவது குதிக்கக்கூடும். அய்யா, அவர்கள் ஜெபமாலையை உருட்டிப் புயலைக் கண்டுபிடிக்கவில்லை. பாரமானியைப் பார்த்தார்கள், மேகத்தின் போக்கைப் பார்த்தார்கள், பழைய புயல்களின் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். அங்கி எதுவாயிருந்தாலும் அறிவைக் கொண்டு வேலை செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு அவர்களே சாட்சி.

அதே ஊரில் கடலோரமாய் ஒரு கிறிஸ்தவ அனாதை ஆசிரமம் இருந்தது. 10 கன்னிகாஸ்திரீகளும் 93 குழந்தைகளும் அதில் இருந்தார்கள். தண்ணீர் ஏற ஏறக் குழந்தைகளுக்குப் பக்திப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துப் பாட வைத்தார்கள். கடைசியில் துணி உலர்த்தும் கயிற்றினால் குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். பத்துப் பேரும் செத்தார்கள். 90 குழந்தைகளும் செத்தன. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்ட 3 பையன்கள் மட்டும் பிழைத்தார்கள். அந்தப் பெண்களின் அன்பையும் தைரியத்தையும் நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் அவர்கள் யாரை நம்பிப் பாடினார்களோ அவருடைய கருணையைப் பற்றி என்ன சொல்லுவது? பெற்றவர் இல்லாத 90 குழந்தைகள் செய்த பாவந்தான் என்ன? பூர்வஜன்மம் என்று நம் சாஸ்திரி பதில் சொல்லுவார். அந்தப் பதிலைச் சொல்லுகிறவர், தம் வீட்டுக் குழந்தை தண்ணீரில் விழுந்தால் பூர்வஜன்மம் என்று சும்மாயிருப்பாரா, அல்லது கயிற்றைத் தேடி ஓடுவாரா?

நிற்க. புயல் ஓய்ந்தபோது கால்வெஸ்டனுக்கும் நிலப்பகுதிக்கும் இடையில் இருந்த பாலங்களெல்லாம் போய்விட்டன. தந்திக் கம்பியும் அறுந்துவிட்டது. ஓர் ஊரே செத்துக் கிடப்பது அடுத்த ஊருக்குத் தெரியாது. அப்போது வானத்திலிருந்து எந்தத் தூதனும் இறங்கி வரவில்லை. ஊரார் கூடி 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தப்பிக் கிடந்த ஒரு சிறு கப்பலில் அவர்கள் விரிகுடாவைக் கடந்து, பிணங்கள் மிதக்கும் கரை வழியாய்ப் போய், 10-ந் தேதி விடியற்காலம் 3 மணிக்கு ஹூஸ்டன் நகரத்துத் தந்தி ஆபீசை அடைந்து, மாகாணக் கவர்னருக்கும் நாட்டின் ஜனாதிபதிக்கும் தந்தி கொடுத்தார்கள். 500 பேர் செத்திருக்கலாம் என்று அவர்கள் சொன்னதையே மிகைப்படுத்தல் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்! ஆனாலும் அந்தத் தந்திக்குப் பிறகுதான் சாப்பாடும் மருந்தும் ஆட்களும் புறப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கத்துக் கிளாரா பார்ட்டன் அம்மையார் 78 வயதில் வந்து சேர்ந்தார். ஊர்ப் பத்திரிகை இறந்தவர்கள் பெயர்களைப் பட்டியல் பட்டியலாய் அச்சிட்டது. அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அண்ணன் இருக்கிறானா, தாய் இருக்கிறாளா என்று ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். ஆயிரம் பிரார்த்தனைகள் செய்யாத வேலையை அந்த ஒரு காகிதம் செய்தது.

ஆனால் அதே சமயத்தில் பொய்ச் சேதியும் கூடவே பரவிற்று. கறுப்பு மக்கள் பிணங்களின் விரல்களை வெட்டி மோதிரம் கொள்ளையடித்தார்கள், பத்துப் பத்தாய்ச் சுடப்பட்டார்கள் என்று வெளியூர்ப் பத்திரிகைகள் தாராளமாய் எழுதின. பிற்பாடு ஆராய்ந்தவர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடந்ததாக ருசுவாயிருப்பது வேறு. அதாவது, அழுகிய பிணங்களைச் சுமந்து படகில் ஏற்றுகிற வேலைக்கு அந்தக் கறுப்பு மக்களையே துப்பாக்கி முனையில் இழுத்துக்கொண்டு போனார்கள். வேலை அவனுக்கு, திருட்டுப் பட்டமும் அவனுக்கே! இதைப் படிக்கும்போது தமிழ்நாட்டான் எவனுக்காவது புதிதாய்த் தோன்றுகிறதா? 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நாகப்பட்டினம் கரையை வாரிக்கொண்டு போன பிறகு, நிவாரண முகாம்களில் தாழ்த்தப்பட்ட மக்களைத் தண்ணீர்த் தொட்டி அண்டையிலும் சாப்பாட்டு வரிசையிலும் ஒதுக்கித் தள்ளினார்கள் என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. கடல் ஜாதி பார்க்காமல் கொன்றது. கஞ்சி ஊற்றினவன் ஜாதி பார்த்தான்!

கால்வெஸ்டன்காரர்கள் பிறகு என்ன செய்தார்கள்? பரிகார பூஜை செய்து நிறுத்திக்கொள்ளவில்லை. 1902 முதல் 1904-க்குள் 17 அடி உயரத்தில், 3 மைலுக்கு மேல் நீளமாய்க் கடற்சுவர் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஊரையே தூக்கினார்கள். 2,000-க்கு மேற்பட்ட கட்டிடங்களை ஜாக்கிகள் வைத்து உயர்த்தி, அடியில் கடல் மணலைக் கொட்டி நிரப்பினார்கள். 3,000 டன் கனமுள்ள செயின்ட் பாட்ரிக் மாதாகோவிலை 700 ஜாக்கிகள் வைத்து 5 அடி தூக்கினார்கள். கடவுள் மனிதனைத் தூக்கிவிட்டதை நாம் பார்த்ததில்லை. மனிதன் கடவுளை, அவர் வீட்டோடு தூக்கிவிட்டது அந்த ஊரில் நடந்தது! 1915-ல் அதே போன்ற கடும்புயல் மறுபடியும் வந்தது. ஆயிரக் கணக்கில் செத்த அதே ஊரில் அந்தத் தடவை மிகச் சிலரே செத்தார்கள். ஜனங்களுடைய பாவம் 15 வருஷத்தில் குறைந்து போயிற்றா, சுவர் உயர்ந்ததா என்பதைப் பக்தர்களே சொல்லட்டும்.

நம் கரைக்கு வருவோம். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் வண்டி, ஏறியிருந்த ஜனங்களோடு கடலுக்குப் போயிற்று. ராமன் வில்லால் தொட்ட புண்ணிய பூமி, நீராடினால் பாவம் தொலையும் என்று சொல்லப்பட்ட ஊர் அது. பாவத்தைத் தொலைக்கப் போன இடத்தில் உயிரே தொலைந்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் திரும்ப நிறுத்தினார்கள். ராமன் பாலம் கட்டின இடம் என்று சொல்லப்படுகிற அந்தக் கடலில் பாலத்தை நிறுத்தியது குரங்குப் படையல்ல; ரயில்வே இஞ்சினீயரும் கூலியாட்களும் தான்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் பலர் முன்னமேயே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். வெகு தூரத்தில் இருந்த அவர்களுக்குச் சேதி எட்டவில்லை. எத்தனை பேர் காணோம் என்பதில் சர்க்கார் சொன்ன எண் வேறு, கரையில் இருந்தவர்கள் சொன்ன எண் வேறு. கிராமங்களிலே பெண்களும் வாலிபர்களும் பங்குப் பாதிரிமார்களும் வீடு வீடாய்ப் பெயர் எழுதிப் பட்டியல் தயாரித்தார்கள். தப்பின படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிய சேதியை ஊருக்கு ஊர் சொல்லிக்கொண்டார்கள். குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். அந்தப் பட்டியல் இல்லாதிருந்தால் காணாமற்போனவன் செத்தவனாகவும் எண்ணப்பட்டிருக்க மாட்டான், தேடப்பட்டிருக்கவும் மாட்டான். ஆகவே பெயர் எழுதிவைப்பது அற்ப விஷயமல்ல. கணக்கில் இல்லாதவனுக்கு நீதி கிடையாது. "விதி" என்று சொல்லிக் கணக்கை மூடுகிறவன் யாராயிருந்தாலும் அவன் ஏழைக்குச் சத்துருவே ஆவான்.

தோழர்களே! கடற்கரை ஊர்களில் உள்ள நம் இயக்க வாலிபர்கள் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் வீட்டு வாரியாய் மனிதர் பெயர், படகு, கிணறு, ஆடு மாடு, முதியோர், குழந்தைகள் எல்லாவற்றையும் புயலுக்கு முன்பே எழுதி வையுங்கள். சேரியை முதலில் எழுதுங்கள். ஏனென்றால் மற்றவர்கள் அதைக் கடைசியிலும் எழுதமாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் சொன்னவன் ஜாதியைப் பாராமல் சேதியைப் பாருங்கள். புயல் போன பின் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். கேட்டதைக் கேட்டதாகவே சொல்லுங்கள். இன்று சட்டைப்பையிலேயே தந்தி ஆபீஸ் இருக்கிறது. பொய்யும் அதே வேகத்தில் ஓடுகிறது என்பதை மறவாதீர்கள்.

புயலைத் தடுக்க மனிதனால் இன்னும் முடியவில்லை. கடவுளாலும் முடியவில்லை என்பது கண்கூடு. ஆனால் வரும் சேதியை முன்னே சொல்லவும், நடந்த சேதத்தை மறைக்காமல் சொல்லவும், அடுத்த புயலுக்குச் சுவர் கட்டவும் மனிதனால் முடியும். முடிந்ததைச் செய்யாமல் விட்டுவிட்டு, முடியாதவர் தலையில் பாரத்தைப் போடுவது பக்தியுமாகாது, அறிவுமாகாது.