எடைக்குப் போகும் வரலாறு

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை கல்வெட்டும் செப்பேடும் கோட்டையுமே. வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய கடை பில்லும் ரசீதும் கம்பெனிக் கடிதத் தாளும் வரலாறு என்று நாம் எண்ணுவதில்லை. ஆகவே, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவை பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறிவிடுகின்றன. இது பேரிழப்பு என்பதே நம் கருத்து.

நம் கோவையை உருவாக்கியவை அரண்மனைகள் அல்ல, பஞ்சாலைகளும் கடைவீதிகளுமே. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் முதல் பஞ்சாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. இத்தகைய ஊருக்கு ஒப்பணக்காரத் தெரு பில்லும் ஆலைக் கடிதமுமே செப்பேடுகள் அல்லவா?

ஒரு தாள் எத்தனை பாடம் சொல்கிறது! ரூபாய், அணா, பை என்று கட்டம் போட்டிருந்தால், அது 1957 ஏப்ரலில் புதுக் காசு வருமுன் அச்சான தாள் எனலாம். முகவரியில் 641 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால், 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'தந்தி' என்று போட்டு ஒரே சொல்லில் விலாசம் இருப்பது ஏன்? தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம். விலாசத்துக்கும் சேர்த்தே காசு. அதனால் வணிகர்கள் ஒரு சிறு பெயரைப் பதிவு செய்துகொண்டனர். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. அந்தச் சிக்கனத்துக்கு இன்று சாட்சி இத்தாள்களே.

"குப்பையைச் சேர்ப்பதா?" என்று சிலர் நகைக்கலாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெரும் செல்வரல்லர். விளம்பரப் பலகை எழுதியவர். நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் துண்டு நோட்டீசுகளையும்கூட அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அச்சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் எழுந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை இன்று அறிஞர்கள் நாடி வருகின்றனர்.

மாணவியராகிய நாம் சிந்திக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அழகிய கடிதத் தலைப்புகளில் 'அண்டு சன்ஸ்' என்றும் 'பிரதர்ஸ்' என்றும் காண்கிறோம். மகளின் பெயர் எங்கே? பஞ்சரைக்கும் பாக்டரிகளிலும் ஆலைகளின் ரீலிங் பகுதியிலும் உழைத்த பெண்கள் எங்கே? அவர்கள் கூலிச் சீட்டின் கைரேகையிலும் நகை அடகு ரசீதிலும் இருக்கிறார்கள். வண்ணத் தலைப்புகளை மட்டும் பொறுக்கிவிட்டு இவற்றை எறிந்தால், நம் பாட்டிமாரை இரண்டாம் முறையும் மறந்தவராவோம்.

சேர்ப்பதற்கும் முறை உண்டு. உரியவரின் அனுமதி பெறுவோம். ரெவின்யூ ஸ்டாம்பை மட்டும் கிழித்தெடுக்க வேண்டாம். தாளை இழந்த ஸ்டாம்பு ஊமை. பசையும் செல்லோ டேப்பும் வேண்டவே வேண்டாம். எந்த ஊரில், எவர் வீட்டில் கிடைத்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உடன் வைப்போம். வாழ்பவரின் கடன் விவரங்களைப் பிறருக்குக் காட்டாதிருப்போம்.

பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரி போதும். ஆளுக்கு ஒரு தாள் கொணர்ந்தால் ஓராண்டில் அது நிறைந்துவிடும். கல்வெட்டைக் காக்க அரசு இருக்கிறது. கடை ரசீதைக் காக்க நாம்தான் இருக்கிறோம். அடுத்த பொங்கலுக்குப் பரணைத் துடைக்குமுன், பெட்டியைத் திறந்து பார்ப்போமா?