நிறம் மட்டும் போதுமா?

மயிலம் மலைக்குப் பாதை பிரியும் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறிச் சென்னைக்குச் செல்லும் ஏழை எளியவர்கள் அநேகர். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது முதல் அவர்கள் இறங்குமிடம் அதுவே. அங்கிருந்து விமான நிலையம் வந்து மெட்ரோ ரயில் ஏறுபவர் வடபழனிக்குப் போகவேண்டுமானால், நீல வழித்தடத்தில் வந்து ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறலாம். எழுத்தறியாதவருக்கும் நீலமும் பச்சையும் புரியும். அந்த வகையில் நிறம் நல்ல வழிகாட்டி என்பதில் ஐயமில்லை.

லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்த படம் 1933-ல் வெளியாயிற்று. நேர்கோடுகளும், தடத்துக்கு ஒரு நிறமுமாக அமைந்த அந்தப் படத்தின் வழியையே இன்று உலக நகரங்கள் பலவும் பின்பற்றுகின்றன.

ஆனால் எல்லாக் கண்களும் ஒன்றல்லவே! சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிறவியிலேயே வரும் இக்குறை ஆண்களிடம் அதிகம். ரயில் ஓட்டுபவருக்கு நிறப் பார்வைச் சோதனை உண்டு. ரயிலில் ஏறுபவருக்கு இல்லை, இருக்கவும் முடியாது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடத்துக்குச் சிவப்பு நிறம் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடமும் ஆலந்தூர் வழியே செல்லும். பச்சையும் சிவப்பும் ஒரே நிலையத்தில் சந்திக்கும்போது, நிறத்தை மட்டும் நம்புகிறவர் தடுமாறுவார்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. டோக்கியோவில் தடத்துக்கு நிறத்துடன் ஓர் எழுத்தும், நிலையத்துக்கு ஓர் எண்ணும் உண்டு. 1969-ல் ஓடத் தொடங்கிய மெக்ஸிகோ நகர மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரமே அடையாளம். நமக்கும் இது புதிதல்ல. 1951-52 பொதுத்தேர்தலிலேயே எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் சின்னத்தைப் பார்த்து வாக்களித்த நாடு இது.

ஆகவே, ஒவ்வொரு தடத்துக்கும் நிறத்தோடு பெரிய எழுத்தில் தமிழ்ப் பெயரும், ஓர் எண்ணும், எளிய சின்னமும் வேண்டும். படத்தில் உள்ள அடையாளமே படிக்கட்டிலும் நடைமேடையிலும் ரயில் பெட்டியிலும் மாறாமல் இருக்கவேண்டும். இரண்டாம் கட்ட நிலையங்களில் பலகைகள் மாட்டும்போதே இதைச் செய்துவிட்டால் செலவு சொற்பம்; மாட்டிய பின் மாற்றுவது வீண் செலவு.

தலைநகரை அறிந்தவனுக்குப் படம் தேவையில்லை. முதன்முறை வருகிற கிராமத்தானுக்காகத்தான் படம். அவன் யாரையும் கெஞ்சாமல் தன் வழியைத் தானே கண்டுகொள்ள வேண்டும். அதிகாரிகள் கவனிப்பார்களாக!