கோயிலில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர்

நான்காம் வகுப்பில் முதல் பீரியடு தொடங்கும் முன் டீச்சர் சொல்வார்: "கிறிஸ்டியன் பிள்ளைங்க மறைக்கல்விக்குப் போங்க. மத்தவங்க நன்னெறிக்கு இங்கேயே இருங்க." வெண்ணாற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில் கன்னியர் நடத்திய, அரசு உதவிபெறும் ஆர்.சி. தொடக்கப்பள்ளி அது. ஊர்த்தெருக் கிறித்தவப் பிள்ளைகள் சட்டென்று எழுந்து போய்விடுவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மட்டும் எழுவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

கோயில் பதிவேட்டில் நான் ஆரோக்கியமேரி. பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர். மதம் இந்து, சாதி ஆதிதிராவிடர். "கோயில்ல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேரு. மாத்திச் சொல்லிறாத பாப்பா" என்று அம்மா தலை சீவும்போதெல்லாம் சொல்லி அனுப்புவார். ஒருநாள் புதிதாக வந்த டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "நீ இந்துவா, கிறிஸ்டியனா? முதல்ல அதை முடிவு பண்ணிட்டு வா." வகுப்பே சிரித்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த டீச்சர் கேட்ட கேள்விக்கு இந்திய அரசே இன்னும் நியாயமான பதில் சொல்லவில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் தலித் ஒருவர் கிறித்தவர் என்று எழுதிக்கொண்டால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். அவரைத் தெருவுக்குள் விடாத சாதிகளோடு அங்கே போட்டியிட வேண்டும். பிற்படுத்தப்பட்ட சாதியிலிருந்து கிறித்தவரானவருக்கோ அதே பட்டியலில் இடம் தொடர்கிறது. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் போதுமானதாக இருந்ததும், எங்களுக்கு இரண்டு தேவைப்பட்டதும் இதனால்தான். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போகிறவர் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பங்குத்தந்தை எழுதும் ஞானஸ்நானப் பதிவேடு எங்கள் பிள்ளைகளுக்கு எதிரான சாட்சியாக மாறக்கூடிய காலம் இது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் கிறித்தவர் என்றே சான்றிதழ் வாங்கினேன். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைக்கு என்னால் விண்ணப்பிக்க முடியாது என்பது தெரிந்தே வாங்கினேன். வேறு முடிவு எடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு பெயரோடு வாழ்வதைப் பொய் என்று சொல்கிறவர்கள், அந்தப் பொய்யை எழுதவைத்தது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்தப் பள்ளிக்கு நான் பட்ட கடனையும் சொல்லத்தான் வேண்டும். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் எங்கள் தெருவில் பெரியவர்கள் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். மூத்த பெண்பிள்ளைகள் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நின்றுவிடுவோம். அப்போது சிஸ்டர் ஒருவர் தெருவுக்கே நடந்து வந்து, "தம்பியையும் தூக்கிட்டு வா, வகுப்புல தூங்கட்டும்" என்று அழைத்துப் போவார். அவர் வராமல் இருந்திருந்தால் இன்று ஆய்வேடு எழுதும் இடத்தில் நான் இல்லை. டெல்டாவின் சேரிகளில் முதல் தலைமுறையாக எழுத்து கற்ற பலருக்கு இப்படி ஒரு சிஸ்டர் இருப்பார்.

அதே சிஸ்டர் நடத்திய மறைக்கல்வி வகுப்பில்தான் புதுநன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் பழகினோம். பொய் சொன்னேனா, திருடினேனா, ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்தேனா என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். யாரையாவது சாதி சொல்லித் திட்டினேனா, யார் பக்கத்திலாவது உட்கார மறுத்தேனா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. என்னைச் சாதி சொல்லி அழைத்த பையன் அன்று மாலை எந்தப் பாவமும் இல்லாதவனாக என் வரிசையிலேயே நின்று புதுநன்மை வாங்கினான்.

டிசம்பரில் குடில் கட்டினோம். ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளைப் பற்றிப் படித்தோம். 1968 டிசம்பர் 25 இரவு, அதே கிறிஸ்துமஸ் நாளில், கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வெண்மணி அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பெத்லகேமுக்கு வழி தெரிந்த எனக்கு வெண்மணிக்கு வழி தெரியவில்லை. கல்லூரிக்கு வந்த பிறகு ஒரு துண்டறிக்கையில்தான் அதைப் படித்தேன். இந்த மண்ணில் நம்பிக்கையைக் கற்றுத்தருகிறவர்கள் இதைச் சொல்லாமல் எதைச் சொல்லப்போகிறார்கள்?

திருச்சபைக்கு இந்தப் பிரச்சினை தெரியாதது அல்ல. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதியை விட்டொழிக்கச் சொன்னபோது, தஞ்சாவூர் புரோட்டஸ்டன்ட் சபையில் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டே போனார்கள். கத்தோலிக்கத் தரப்பில், தீண்டாமை தங்களுக்குள் இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஆனாலும் கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட கொட்டப்பாளையம் பங்கின் தலித் மக்கள், தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுவதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. ஆயர்கள் எழுதும் அறிக்கை நான்காம் வகுப்புக்கு வந்து சேரவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இதை எழுதினால் சங்கிகளுக்குத் தீனி போடுவதாகிவிடும் என்று தோழர்கள் சிலர் எச்சரிக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. 2022இல் மைக்கேல்பட்டியில் ஒரு மாணவியின் சாவை வைத்து மதமாற்றப் பிரச்சாரம் எப்படி நடந்தது என்று பார்த்தோம். ஆனால் அவர்களுடைய கேள்வி வேறு, நம்முடையது வேறு. தலித் ஏன் கிறித்தவரானார் என்பது அவர்கள் கேள்வி. கிறித்தவரான பிறகும் தலித்தை ஏன் தனித்தெருவில் வைத்திருக்கிறீர்கள் என்பது நம் கேள்வி. அவர்களுக்குப் பயந்து இதைக் கேட்காமல் விட்டால் நட்டம் எங்கள் தெருவுக்குத்தான்.

நான் கேட்பது மூன்று. ஒன்று, பள்ளி நேரத்தில் மதம் கேட்டுப் பிள்ளைகளைப் பிரிப்பதை நிறுத்துங்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்காரவைக்க முடியாது என்கிறது அரசமைப்பின் 28(3)ஆவது உறுப்பு. மறைக்கல்வி ஞாயிறன்று கோயிலில் நடக்கட்டும். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் சமத்துவ வகுப்பு ஒன்று இருக்கட்டும்.

இரண்டு, அந்த ஞாயிறு மறைக்கல்வியில் சாதியைப் பாவம் என்று பெயர் சொல்லிக் கற்றுக்கொடுங்கள். புதுநன்மைக்கு வரும் பிள்ளை கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

மூன்று, உதவிபெறும் பள்ளிகளில் எத்தனை தலித் கிறித்தவர்கள் ஆசிரியர்களாகவும் தலைமையாசிரியர்களாகவும் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் துறவற சபையும் வெளியிட வேண்டும். சம்பளம் அரசுப் பணம். மாணவர் சேர்க்கையில் இடஒதுக்கீட்டைக் கொண்டுவரும் 15(5)ஆவது உறுப்பு சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆசிரியர் பணி நியமனத்திலும் அவை இடஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கின்றன. பெரும்பான்மை மதத்திடமிருந்து சிறுபான்மையினரைக் காக்க வந்த உரிமை அது. சிறுபான்மைக்குள் இருக்கும் ஆதிக்க சாதிகளின் வேலைவாய்ப்பைக் காக்க அல்ல. எங்கள் பள்ளியில் நான் படித்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் தெருவிலிருந்து போனவர் ஒருவரே. அவர் ஆயாம்மா.

என் அக்கா மகள் இந்த ஆண்டு அதே பள்ளியில் நான்காம் வகுப்புப் போகிறாள். அவளுக்கும் இரண்டு பெயர். போன வாரம் அக்கா அவளுக்குத் தலை சீவிக்கொண்டே, "மாத்திச் சொல்லிறாத" என்றார். "ஏன்மா சொல்லக்கூடாது?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலில் அரசுக்கும் பங்குண்டு, ஆயர் இல்லத்துக்கும் பங்குண்டு.