மெல்லச் செல்லும் படகு

வெளிநாடு சென்று மீண்டோரை நம்மவர் முதற்கண் வினவுவது, "எத்தனை இடங்களைக் கண்டீர்கள்?" என்பதே. "வழியில் யாது கண்டீர்கள்?" என்று வினவுவார் மிகச் சிலர். வழி என்பது விரைந்து கடக்க வேண்டியதோர் இடையூறு என்றே பலரும் கருதுகின்றனர். யானும் அவ்வாறு கருதியிருந்தவனே. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் ஐவரும் லாவோஸ் நாட்டில் இரண்டு நாள் படகிற் சென்றோம். அதன்பின் அக்கருத்து மாறிற்று. குடும்பத்தோடு அயல்நாடு செல்வோர் தம் பயணத்தில் ஒரு பகுதியையேனும் மெல்லச் செல்லும் ஊர்தியிற் கழித்தல் வேண்டும் என்பதே ஈண்டு யான் கூற விழைவது.

மீகாங் ஆறு திபெத்துப் பீடபூமியில் தோன்றி, ஆறு நாடுகளின் வழியே நெடுந்தொலைவு ஓடிக் கடலிற் கலக்கின்றது. தாய்லாந்தின் எல்லையையொட்டிய ஹுவே சாய் என்னும் ஊரிலிருந்து, லாவோஸின் பழைய அரசிருக்கையாகிய லுவாங் பிரபாங் வரை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவு அவ்வாற்றின்மீது படகுகள் செல்கின்றன. ஆற்றிற் பாறைகள் மிகுதி. ஆதலின் இரவிற் படகு செல்வதில்லை. முதல்நாள் மாலை பாக் பெங் என்னும் சிற்றூரில் இறங்கித் தங்கி, மறுநாட் காலை மீண்டும் ஏறுதல் வேண்டும். இவ்வழியில் விரைபடகும் உண்டு. அஃது ஒரே பகலிற் கொண்டு சேர்க்கும். அதில் ஏறுவோர் தலைக்கவசம் அணிந்து, காலை மடக்கி ஒடுங்கி அமர்தல் வேண்டும். தம்பி அதனையே விரும்பினான். பாட்டியார் உடன் வந்தமையால் தந்தையார் மரப்படகையே தெரிந்தார்.

நீண்டு ஒடுங்கிய அப்படகிற் பழைய மோட்டார் வண்டிகளினின்று கழற்றிய இருக்கைகளை இட்டிருந்தனர். பின்புறத்தில் எந்திரம் இரைந்தது. அதன் அருகிலேயே படகோட்டியின் குடித்தனம். அவர் மனைவியார் அங்கே சோறு சமைத்துக்கொண்டிருந்தார். துறையென்று ஒன்றில்லாத மணற்கரைகளிலும் படகு நின்றது. அரிசி மூட்டைகளும் கோழிக் கூடைகளும் ஏறின, இறங்கின. நீர் வற்றிய கரைச்சரிவுகளில் நிலக்கடலையும் கீரையும் பயிராகியிருந்தன. கைப்பேசிகள் பெரும்பாலும் செயலற்றிருந்தன. முதல் மூன்று மணி நேரம் எங்களுக்குள் உரையாடலே இல்லை. தம்பி சலித்துக்கொண்டான். பாட்டியார் ஒருவரே, தம் பிள்ளைப்பருவத்து ஆற்றைக் கண்டவர்போல அமைதியாயிருந்தார்.

இனி ஓர் உண்மையை வெளிப்படையாகச் சொல்லுகின்றேன். யான் தமிழைச் சிறப்புப் பாடமாகத் தெரிந்தது தந்தையார்க்கு உடன்பாடன்று. ஓராண்டுக் காலமாக அதுபற்றி நாங்கள் பேசியதில்லை. வீட்டில் அவரவர்க்கு ஓர் அறை, ஓர் அலுவல் இருந்தன. படகிலோ எழுந்து செல்ல இடமில்லை. இரண்டாம் நாள் நண்பகலில், கரையை நோக்கியவாறே அவர் பேசத் தொடங்கினார். தாமும் பத்தொன்பதாம் வயதில் தமிழ் பயில விரும்பியதையும், பாட்டனார் திடீரென இறந்தமையால் அவ்விருப்பத்தைக் கைவிட்டு வேலையில் அமர்ந்ததையும் கூறினார். பாட்டியார் தலைகுனிந்து கேட்டிருந்தார். தந்தையார் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று யான் சொல்லேன். இன்றும் என் பிழைப்பைப் பற்றிய கவலை அவர்க்குண்டு. ஆயினும் அக்கவலை எங்கிருந்து எழுந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். விமானத்தில் ஒரு மணி நேரத்திற் சென்றிருப்போமாயின் இதனை அறிந்திருப்பேனா?

இங்கு ஒரு தடை எழும். மெல்லச் செல்லுதல் உலாவச் செல்வோர்க்கு இன்பம். அவ்வாற்றங்கரையில் வாழ்வார்க்கும் அஃது இன்பமோ? இத்தடை மெய்யானதே. ஒரு மணற்கரையிற் காய்ச்சலுற்ற குழந்தையோடு ஒரு தாய் ஏறினார். என் அன்னை தம் போர்வையைக் கொடுத்ததன்றி எங்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. எங்களுக்கு இனிதாயிருந்த காலத்தாழ்வு அவர்க்கு எத்துணை நெடிதாயிருந்திருக்கும்! 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து லுவாங் பிரபாங் வழியாக வியந்தியான் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நல்ல சாலையும் இருப்புப்பாதையும் வேண்டாமென்று அம்மக்களுக்கு உரைக்க நாம் யார்? வேறு வழியின்றி மெல்லச் செல்லுதல் வறுமை. வழியிருந்தும் மெல்லச் செல்லுதலே யான் போற்றுவது. இவ்விரண்டையும் மயங்க வைத்து, பிறர் வறுமையை அழகென்று புகழ்தல் பயணிகளின் பெரும்பிழை.

அவ்வாறும் இன்றிருப்பதுபோல் என்றும் இராது. லுவாங் பிரபாங்குக்குக் கீழ்ப்புறத்தில் சயாபுரி அணை 2019-இல் இயங்கத் தொடங்கிற்று. மேற்புறத்திலும் ஓர் அணை எழுந்துவருகின்றது. ஓடும் நீர் தேங்கும் நீராகும்போது கரைச்சரிவுத் தோட்டங்கள் யாதாகும் என்னும் கேள்வி, படகிலிருந்து அவற்றைக் கண்ட எங்கட்கு வெறுஞ் செய்தியாகத் தோன்றவில்லை. மெல்லச் சென்றதன் மற்றொரு பயன் இதுவாகும்.

மாலையில் பாக் ஊ என்னும் இடத்தைக் கடந்தோம். ஊ என்னும் ஆறு அங்கே மீகாங்கிற் கலக்கின்றது. 'பாக்' என்பது அவர்கள் மொழியில் வாய். கழி கடலொடு கூடுமிடத்தை நாம் கழிமுகம் என்கிறோமன்றோ? இதனை யான் கூறியபோது தந்தையார் முறுவலித்து, "இன்னும் சொல்" என்றார்.

மாணவ நண்பர்களே, விடுதியில் வாழும் நாம் விடுமுறைதோறும் வீடு செல்கின்றோம். வீட்டாரோடு எத்துணைப் பொழுது ஒருங்கிருக்கின்றோம்? அதற்கு மீகாங் ஆறே வேண்டுமென்பதில்லை. எழுந்து போக இயலாத ஓரிடத்தில், பெற்றோர் அருகே, ஒரு நாள் அமர்ந்திருத்தல் போதும்.